எழுத்தில்லாத பேனர்

சலவைக்கடைக்காரரை எங்கள் தெருவில் இல்லைக்காரர் என்றுதான் சொல்வார்கள். கையில் காசில்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கடவுள் இல்லை என்கிறவர். அதையும் வம்புக்குச் சொல்கிறவர் இல்லை, கேட்டால்தான் சொல்வார். ஆனால் கேட்பதற்கு ஆளா பஞ்சம்? சட்டையை வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போகலாம். "என்னங்க, இன்னும் இல்லதானா?" என்று ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போவார். "இன்னும் இல்லீங்க," என்று இவரும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்.

அந்தக் கடை முகப்பில் ஒரு தையல் மிஷின் போடும் அளவு இடம் என்னுடையது. பித்தான் போனது, ஜிப் போனது, ஆள் பெருத்துச் சட்டை சிறுத்தது என்று சலவைக்கு வரும் துணியில் பாதி என் கை வழியாகத்தான் போகும். கடைக்காரர் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறேன். முறை பார்த்தால் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அத்தான் என்று வாய் வராது, அதனால் அண்ணன் ஆகிவிட்டார். அவர்கள் மகளுக்கு நான் சித்தி. முறைகளை இப்படி வெட்டி ஒட்டியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கடைக்குப் பின்னால் இரண்டு பெரிய சலவை மிஷின்கள். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வருவதால் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை. அக்கா அலசிப் பிழிந்து கொடியில் போடுவார். விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். அண்ணன் இஸ்திரி. எந்தச் சட்டையானாலும் காலரில்தான் தொடங்குவார், காலரைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதிச் சட்டை சொன்ன பேச்சைக் கேட்கும் என்பார்.

கல்லாப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் ஜனங்கள் மறந்துவிட்ட பொருள்களெல்லாம் அதற்குள். மோதிரம், சாவி, பயணச் சீட்டு, ஒருமுறை மேல்வரிசைப் பல் செட். கேட்காமலே எடுத்துக் கொடுப்பார். அப்படி மோதிரத்தை வாங்கிக்கொண்ட ஒரு அம்மா, படி இறங்கும்போது என் காதில் கிசுகிசுத்தார்.

"மேல ஒருத்தன் பாக்குறான்னு பயமே இல்லாத மனுஷன். எப்படி தையலம்மா எடுத்துக்காம இருந்தாரு?"

எனக்கும் அது நியாயமான சந்தேகமாகத்தான் பட்டது. நேராக அவரிடமே கேட்டேன்.

"அது அவங்க மோதிரம்மா," என்றார். அதற்குமேல் விளக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடவுள் விஷயத்தில் நான் இன்னும் அளவே எடுத்து முடிக்காதவள். எப்போதாவது பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவேன். போவது சாமிக்காக இல்லை, அக்காவின் பாட்டுக்காக. ஞாயிறு காலையில் அக்கா முன்னால் நின்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். பேசும்போது கரகரவென்று இருக்கும் அதே குரல்தான். அது எந்த வழியாகப் போய் அப்படி மாறி வருகிறது என்று நானும் பலமுறை அக்காவின் தொண்டையையே உற்றுப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை. வேடிக்கை என்னவென்றால், கட்டினவருக்கு அந்தக் குரல் தெரியாது. அண்ணன் கூடத்துப் படியை மிதித்ததில்லை, அக்கா வீட்டில் பாடினதில்லை.

அண்ணனைப் போன்றவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. பல் டாக்டர், கணக்கு டீச்சர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் என்று பத்துப் பதினோரு பேர். அண்ணன் செயலாளர். முந்தின வருஷம் ஒலிபெருக்கி வைத்து ஒரு ஊர்வலம் நடத்தினார்கள். முனைக்கு முனை நின்று கோஷம் போட்டார்கள். மாடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே டாக்டர் தலையில் ஊற்றினாள். அன்றிலிருந்து ஊரில் யார் உரக்கப் பேசினாலும் "என்ன, சங்கத்துல சேந்துட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று கிளம்பியது மகள்தான். அவளுக்கு ஒரு போன் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவையில் வேலை. நாள் முழுக்க யாராவது அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், இவள் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"அப்பா, நீங்க சொல்றது தப்புன்னு யாரும் உங்களை வெறுக்கல. கத்துறீங்க, அதான். கத்துற ஆளு ரெண்டும் ரெண்டும் நாலுன்னாக்கூட எனக்கே போனை வெச்சுடலாம்னு தோணும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"வாயே திறக்காதீங்க. எல்லாரும் வெள்ளை உடுப்பு, நம்ம கடையில வெளுத்தது. ரெண்டு ரெண்டு பேரா, அமைதியா நடந்து போங்க. இவ்ளோ நல்ல மனுஷங்களான்னு ஊரு பாக்கட்டும்."

சங்கத்துக்கு இது பிடித்துப்போயிற்று. ஊர்வலம் முடிகிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானமும் போட்டார்கள். அந்தச் சங்கத்தில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமானாலும் எல்லாக் கையும் உயர வேண்டும். ஒரு கை இறங்கியிருந்தாலும் விட்டுவிடுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் அதட்டி நம்பவைக்கிற வேலை எங்களிடம் கிடையாது என்பது அவர்கள் பெருமை. அந்தப் பெருமையோடு ஒரு சாயங்காலம் கடையில் கூடி, பேனரில் என்ன எழுதுவது என்று பேச உட்கார்ந்தார்கள். பேனர் தைக்கிறவள் என்ற முறையில் நானும் இருந்தேன். ஒரு நல்ல வெள்ளைத் துணியை ஓரம் அடித்துத் தயாராக மடியில் வைத்திருந்தேன்.

"‘கடவுள் இல்லை’ன்னு பட்டுனு போட்டுடலாம்," என்றார் டாக்டர்.

"ஐயோ, வேண்டவே வேணாம் டாக்டர்," என்றாள் மகள். "எடுத்த எடுப்புலயே இல்லைன்னு சொன்னா அடுத்த வார்த்தைய யாரும் கேக்க மாட்டாங்க."

"‘கடவுள் இருப்பதற்கு இதுவரை போதிய ஆதாரம் கிடைக்கவில்லை’. இதுதான் சரி," என்றார் கணக்கு டீச்சர்.

"டீச்சர், அவ்ளோ எழுத்துக்குத் தெரு பத்தாது," என்றேன்.

"‘நாங்களும் நல்லவர்களே’," என்றார் டிரைவர்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்டேஷன்ல மாட்டுனவன் சொல்ற மாதிரி இருக்குங்க!"

"சரி, ‘அன்பே போதும்’," என்றார் டிரைவர்.

"அது கூடத்துச் சுவத்துலயே எழுதியிருக்கு," என்றேன்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறிற்று. எதைச் சொன்னாலும் ஒரு கை இறங்கியே இருந்தது. கடைசியில் டிரைவர் சலித்துப்போய், "ஒண்ணுமே எழுத வேணாம், வெறும் துணியா தூக்கிட்டுப் போலாம். என்ன ஏதுன்னு பாக்குறவங்களே கேக்கட்டும்," என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. நான்கூட உயர்த்திவிட்டேன், எனக்கு அங்கே ஓட்டே கிடையாது. யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒருத்தர் வாயும் திறந்திருக்காதே என்று அந்தப் படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கீழத்தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் கூடத்தின் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அண்ணன் அதில் கவனமாக இருந்தார். "பிரார்த்தனை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போன அப்புறம்தான் அந்தத் தெருவுல கால் வைக்கணும். நம்மளால யாருக்கும் தொந்தரவு கூடாது." டீச்சர் போன வருஷ ஊர்வலத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கிளம்ப வேண்டிய நேரத்தைச் சொன்னார். கணக்கு டீச்சரின் கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

இரண்டு நாள் கழித்துப் பெயிண்ட் கடைக்காரர் சலவைக்குக் கொடுத்த தன் கோட்டை வாங்க வந்தார். கூடத்துக்குத் தலைவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. கூடத்தின் ஜன்னல்களுக்கு வருஷா வருஷம் தன் கைக்காசில் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறவர். அண்ணன் விரிப்புகளைக் கொடுக்க விடுதிக்குப் போயிருந்தார். கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மனிதர் நகராமல் நின்றார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஊர்வலத்துல முன்னாடி நடக்குறாராமே."

"ஆமாங்க."

"நடக்கட்டும், அவர் இஷ்டம். ஆனா அவர் அங்க முன்னாடி நடக்க, நீங்க இங்க முன்னாடி நின்னு பாட... நாலு பேர் என்கிட்ட கேக்குறாங்கம்மா. நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா கல்லாவில் சில்லறையைத் தேடினார்.

"கூடத்துக்கு வர வேணாம்னு சொல்லல. வாங்க, உக்காருங்க. பாட்டை மட்டும் வேற யாராவது எடுக்கட்டும்னு அவங்க சொல்றாங்க. ஊர்வலம் வரைக்கும் நீங்களே எடுங்க, அது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அவர் போனபின் அக்கா கொடியில் கிடந்த ஒரே விரிப்பை மூன்று முறை உதறினார். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கிட்டே போனேன்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்கக்கா."

"சொன்னா போகாம நின்னுடுவாரு."

"நல்லதுதானே?"

"நீ ஒருத்தி. நின்னுட்டு, நின்னதை ஆயுசுக்கும் மூஞ்சில மாட்டிக்கிட்டுத் திரிவாரு. அதை வேற நான் துவைக்கணுமா?" சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்டி. இங்க நான் இல்லைக்காரர் பொண்டாட்டி. அங்க போய் நின்னு வாயைத் திறந்தா மட்டும்தான், யாரு பொண்டாட்டிங்கிறது எனக்கே மறந்துபோகும்." பிறகு என் கையைப் பிடித்து, "அவர்கிட்ட மூச்சு விடாத," என்றார்.

ரகசியம் வைத்துக்கொள்ள ஏற்ற ஆளில்லை நான்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். மகளுக்கு அன்று வேலை நாள், அதனால் வரவில்லை. வந்திருந்தால் பாதி வழியிலேயே கண்டுபிடித்திருப்பாள். அண்ணன் எல்லார் சட்டையையும் தானே கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தார். டாக்டர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். முன்னால் அண்ணனும் டிரைவரும் பேனரைப் பிடித்துக்கொண்டார்கள். துணி எங்காவது கிழிந்தால் தைக்க வேண்டுமே என்று ஊசி நூலோடு நான் ஓரமாக நடந்தேன். ஊசி நூல் ஒரு சாக்குதான். என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எனக்கு எப்படி இருப்புக்கொள்ளும்?

முதல் தெருவில் ஜனங்கள் சும்மா பார்த்தார்கள். இரண்டாவது தெருவில் சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பழக்கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. போன வருஷம் தண்ணீர் ஊற்றிய அதே தாய் மாடியில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பேசக் கூடாதே, அதனால் டீச்சரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் முப்பது நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் சிலர் வந்து சேர்ந்தார்கள், எல்லாரும் குனிந்த தலையோடு, மெதுவாக. பூக்கடைக்காரி ஓடிவந்து டிரைவர் கையில் ஒரு கொத்துப் பூவைத் திணித்துவிட்டுப் போனாள். ஒரு கையில் பேனர், ஒரு கையில் பூ. டிரைவர் திருதிருவென்று விழித்துக்கொண்டே நடந்தார்.

குடை பிடித்திருந்த ஒரு பெரியவர் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "உடம்பை முன்னாடியே கொண்டு போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"எந்த உடம்பு?"

"இறந்தவர் உடம்புதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துணி, வாய் திறக்காத வரிசை. சங்கத்துக்கு மரியாதை வரவில்லை, செத்தவருக்கு வந்திருக்கிறது! ஓடிப்போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று எட்டி நடந்தேன். அதற்குள் ஊர்வலம் கூடத்துத் தெருவில் திரும்பிவிட்டது.

கோஷம் போட நிற்கிற நேரமெல்லாம் மிச்சமாகும் என்பதை டீச்சர் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிரார்த்தனை முடிந்திருக்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள். வாசலருகே இருந்த பெயிண்ட் கடைக்காரருக்கு எட்டத்தில் கண் சரியாகத் தெரியாது. வெள்ளை வரிசையையும் பின்னால் வரும் கூட்டத்தையும் பார்த்தவர், கையை உயர்த்தி உள்ளே சைகை காட்டினார். எல்லாரும் எழுந்து படிக்கட்டுக்கு வந்து நின்றார்கள். யார் வீட்டுச் சாவானாலும் கூடத்தைக் கடந்து போனால் ஒரு பாட்டுப் பாடி வழியனுப்புவது அவர்கள் மரியாதை. அவர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா முன்னால் வந்தார். வந்தவர் பேனரைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தார். அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஒரு மூச்சு எடுக்கும் நேரம் கண்ணை மூடினார். பிறகு பாடினார்.

*வந்த வழி மறந்தாலும் வாசல் மறவாதே...*

அண்ணன் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன நடந்திருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். "இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் அவர் உதடு லேசாகப் பிரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இப்போதும் பிரிந்தது. அடுத்தவர் பித்தானைக்கூட வைத்துக்கொள்ளாத மனிதர், இத்தனை பேர் ஏமாந்து நிற்கிறார்கள், உடனே சொல்லியாக வேண்டும். டாக்டர் பின்னாலிருந்து முழங்கையால் குத்தினார். அண்ணன் உதடு பிரிந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு அடுத்த அடிக்குப் போயிற்று, அதற்கும் அடுத்ததற்கும் போயிற்று. அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அண்ணனின் காலர் மட்டும் வேர்வையில் நனைந்து தொங்கிப்போயிருந்தது.

கடைசி அடி முடிந்து எல்லாரும் தலை நிமிர்ந்தபோது அண்ணன் பேசினார்.

"மன்னிக்கணும். யாரும் சாகலீங்க."

தெருவே அப்படியே நின்றது.

"நாங்க கடவுள் இல்லைன்னு சொல்ற சங்கம். நாங்களும் சாதாரண மனுஷங்கதான்னு காட்டலாம்னு நடந்து வந்தோம். துணியில எழுதாம வந்தது எங்க தப்பு."

"அப்ப நான் எதுக்குய்யா இந்த வெயில்ல நடந்து வந்தேன்?" என்று குடைக்காரர் கத்தினார். பூக்கடைக்காரி பின்னாலிருந்து, "என் பூவைக் குடுங்க!" என்றாள். டிரைவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எங்கோ ஒருத்தர் சிரித்தார், இன்னொருத்தர் சிரித்தார், பிறகு பாதித் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பெயிண்ட் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காதுவரை சிவந்துபோயிருந்தார். அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"அந்தச் சட்டையெல்லாம் நான் அலசிப் போட்டதுங்க. தெரியாதா?"

"தெரிஞ்சுமா பாடினீங்க?"

"பாடச் சொன்னீங்க, பாடினேன்."

அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார். அது நல்ல சகுனமாக எனக்குப் படவில்லை.

அன்று சாயங்காலம் மகள் வந்து விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கே சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினாள். அண்ணன் ஒரே சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார்.

"என்னங்க."

"வீட்டுல ஏன் ஒரு நாளும் பாடல?"

அக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தார். "கல்யாணமாகி வந்த புதுசுல பாடினேனே. துணி அலசிக்கிட்டே பாடிக்கிட்டிருந்தேன். ‘இது யாருக்குக் கேக்கும்னு பாடிக்கிட்டிருக்க?’ன்னு கேட்டீங்க. அதோட விட்டுட்டேன்."

"நான் அப்படியா கேட்டேன்?"

"கேட்டீங்க."

"சாமியைச் சொல்லியிருப்பேன்ம்மா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அங்க பக்கத்துல நின்னது நீங்கதானே."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இந்த மனிதர் அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆர்வம் உண்டு. அன்றைக்கு ஏனோ நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா கூடத்துக்குப் போகவில்லை. மிஷினைப் போட்டுவிட்டு, கொடிக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் அண்ணன்.

"வேலை கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்தேன். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது. அவ்வளவுதான், என்னால் அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: பெயிண்ட் கடைக்காரர் வந்தது, சொன்னது, ஊர்வலம் முடிந்த மறுநாளே ஆள் அனுப்பிப் பாட்டை நிறுத்தச் சொன்னது. மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அக்கா சோப்பு வாங்கச் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து அண்ணன் சங்கத்தைக் கூட்டினார். நின்றபடியே பேசினார்.

"கூடத்து வாசல்ல ஒரு ஆர்ப்பாட்டம் நடத்தணும்னு நினைக்கிறேன். என் பொண்டாட்டி பாட்டுக்காக."

டாக்டர் எழுந்தேவிட்டார். "என்னங்க பேசுறீங்க? சாமி பாட்டுப் பாட விடுங்கன்னு நாம போய் நிக்கிறதா? ஊர்ல நம்ம பேரு என்னாகும்?"

"இப்ப என்ன பேரு இருக்கு டாக்டர்?" என்றார் டீச்சர்.

டாக்டர் உட்கார்ந்தார்.

"நாம நினைக்கிறதைச் சொல்றதுக்கு நமக்கு இடம் வேணும்னு கேக்குறோம்," என்றார் அண்ணன். "அவளுக்கு ஒரு இடம் இருந்துச்சு. நாம நடந்ததுல அது போயிடுச்சு. எனக்கு அந்தப் பாட்டுல நம்பிக்கை இல்ல. ஆனா அது அவ பாட்டு." மோதிர விஷயத்தில் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

டிரைவர் மெதுவாக, "துணியில என்ன எழுதுறது?" என்று கேட்டார். பழையபடி டீ ஆறப்போகிறது என்று நினைத்தேன். டாக்டர்தான் வாயைத் திறந்தார். "‘அக்காவைப் பாட விடுங்கள்’. வேற என்ன எழுதுறது?" ஒரே வீச்சில் எல்லாக் கையும் உயர்ந்தது. நான் நீலத் துணியில் எழுத்துகளை வெட்டி, அதே வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தேன்.

ஞாயிறு காலை, விடுதிக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். பொய் சொல்லவில்லை, போகிற வழியில் விடுதிக்குள் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்தார். கூடத்துக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். கோஷம் இல்லை, கூட்டம் மட்டும் தானாகச் சேர்ந்தது. குடைக்காரர் முன்வரிசைக்கு வந்து, பேனரை எழுத்துக்கூட்டிப் படித்து, "இந்தத் தடவை எழுதிட்டு வந்திருக்காங்க," என்று பக்கத்து ஆளிடம் திருப்தியாகச் சொன்னார். பெயிண்ட் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே போனார். மறுபடி வந்து நின்றார்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஈரக் கையோடு, இடுப்பில் கட்டியிருந்த முன்கட்டுத் துணியை அவிழ்க்காமலே வந்து சேர்ந்தார். பேனரைப் படித்தார். முகத்தில் அப்படியொரு கோபம்.

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல," என்றார் அண்ணன்.

"எனக்கு வேணும்னா நானே கேட்டுக்க மாட்டேனா? என் வாய்க்கு என்ன, தையல் போட்டிருக்கா?" கடைசி வார்த்தைக்கு என்னை ஒரு முறை முறைத்தார். நான் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் விறுவிறுவென்று தெருவைக் கடந்து படியேறிப் பெயிண்ட் கடைக்காரர் முன்னால் நின்றார்.

"நான் பாட வந்திருக்கேன்."

"அம்மா, அது வந்து..."

"போன வாரம் யாரு எடுத்தா?"

"யாரு எடுக்கிறதுன்னு தெரியாம ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பாதியிலயே நின்னுபோச்சு," என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பெயிண்ட் கடைக்காரர் தெருவைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், பேனரைப் பார்த்தார். கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றைக்கும் அது அண்ணன் இஸ்திரி போட்ட கோட்டுதான்.

"பாடுங்க. ஆனா முதல்ல அவங்களைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க. வாசல்ல இப்படி நின்னா எப்படிம்மா?"

அக்கா படியில் நின்றபடியே திரும்பினார்.

"கேட்டுச்சில்ல? கலைஞ்சு போங்க."

அண்ணன் பேனரைச் சுருட்டினார். டிரைவர் மறுமுனையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நடுவில் சந்தித்தார்கள். சுருட்டிய துணியைக் கைக்கடியில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றார் அண்ணன்.

"போறோம். பாட்டு முடிஞ்சதும் போறோம்."

அக்கா ஈரக் கையை முன்கட்டுத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா இன்னைக்கு நீளமான பாட்டா எடுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.